சலங்கை தந்த பாடம்



தமிழகத்தினின்றும் வந்து அந்தமானில் குடியேறிய நம்மவர், தலைநகரின் மேடும் பள்ளமுமான தெருக்களை நன்கறிவர். போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகர் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றது. குன்றைச் சுற்றி வளையும் அதன் சாலைகளில் எதிரே வரும் வண்டியைக் கண் காணுமுன் காது அறிந்துவிடும். அண்மைக் காலத்தில் அங்கே மின்சாரப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. புகையில்லை, இரைச்சலுமில்லை. ஆனால் ஓசையற்ற ஊர்தி வருவதை நடந்து செல்வோர் அறிவது எங்ஙனம்? இவ்வினா புதியதன்று.

திருவாரூரில் அரசிளங்குமரனின் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று மாண்டதையும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்து மனுநீதிச் சோழனிடம் முறையிட்டதையும் நாம் கேட்டிருக்கிறோம். அக்கதையில் மணி ஒலித்தது உயிர் போன பின்னரே. உயிர் போகுமுன் ஒலிக்கும் மணியோ நம் மாட்டு வண்டிகளில் இருந்தது. காளையின் கழுத்துச் சலங்கை அழகுக்கு மட்டும் கட்டியதன்று. வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் மாட்டின் ஒவ்வோர் அடிக்கும் அது ஒலித்தது. பனி நாடுகளிலும், ஓசையின்றிச் சறுக்கிச் செல்லும் வண்டிகளின் குதிரைகளுக்கு மணி கட்டினர். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் அது சட்டமாகவே இருந்தது.

இயந்திர வண்டி வந்தபோது இங்கிலாந்து அஞ்சியது. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டிக்கு 60 கஜம் முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டியிருந்தது. 1896-இல் புதிய சட்டம் மோட்டார் வண்டிகளை அக்கட்டினின்று விடுவித்தது. எனினும் மணியோ வேறு ஒலிக்கருவியோ வண்டியில் இருத்தல் வேண்டும் என விதித்தது. இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளும் ஒலிக்கருவியைக் கட்டாயமாக்கின.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. ஓட்டுநர் ஆளைக் கண்டால்தான் ஹாரன் ஒலிக்கும், காணாவிடில் ஒலிக்காது. அக்குறையை ஒரு நூற்றாண்டுக் காலம் எஞ்சினின் இரைச்சலே நிறைவு செய்தது. வேண்டாத இரைச்சலென நாம் வெறுத்தது சலங்கையின் வேலையைச் செய்துவந்தது!

1997-இல் மின்சாரமும் பெட்ரோலும் இணைந்து இயக்கும் டொயோட்டா பிரியஸ் கார் ஜப்பானில் வெளிவந்தது. இத்தகைய கார்கள் பெருகியபோது ஆபத்தை முதலில் எடுத்துரைத்தோரில் செவியையே துணையாகக் கொண்ட பார்வையற்றோர் முதன்மையானவர். திரும்புதல், பின்செல்லுதல் போன்ற மெதுவான இயக்கங்களில், இவ்வகைக் கார்கள் பாதசாரிகள்மேல் மோதும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு என 2009-இல் அமெரிக்க அரசின் ஆய்வு ஒன்று கண்டது. விரைந்து செல்கையில் டயரும் காற்றும் எழுப்பும் ஓசையே போதும். மெதுவாகச் செல்கையில்தான் இடர் மிகுதி.

ஜப்பான் 2010-இல் நெறிமுறை வகுத்தது. அமெரிக்கா 2011 ஜனவரியில் சட்டமியற்றியது. ஐக்கிய நாடுகளின் 138-ஆம் விதி 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, புறப்பட்டது முதல் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், பின்செல்லும்போதும், வண்டி தானே ஒலியெழுப்ப வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒலியளவு 56 டெசிபலுக்குக் குறையலாகாது. இது ஏறக்குறைய இருவர் உரையாடும் ஓசையே. வேகத்துக்கேற்ப ஒலியின் சுருதியும் மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் எல்லாப் புதிய மின்சாரக் கார்களுக்கும் இக்கருவியைக் கட்டாயமாக்கியது.

இந்திய அரசு 2025 செப்டம்பரில் வரைவு அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. 2026 அக்டோபர் முதல் புதிய வகை மின்சார வண்டிகளிலும், 2027 அக்டோபர் முதல் ஏற்கெனவே உற்பத்தியிலுள்ள வகைகளிலும் இக்கருவி பொருத்தவேண்டும் என அது முன்மொழிந்தது. கார், பேருந்து, சரக்கு வண்டி ஆகியவற்றையே அவ்வரைவு குறித்தது. சந்துகளில் சந்தடியின்றி நுழையும் மின்சார ஸ்கூட்டரும் ரிக்ஷாவும் அதில் அடங்கவில்லை. கருதத்தக்க குறை இது.

கருவி ஒன்றே காவலாகிவிடாது. அந்தமானின் அடைமழையில் மெல்லொலி கரைந்துவிடும். வளைவில் வேகத்தைக் குறைக்கும் பொறுப்பு ஓட்டுநருடையதே. எனினும், நடப்பவன் தன் வழியே நடக்கிறான். வருவதை அறிவிக்கும் கடன் வருகிற வண்டிக்கே உரியது. சலங்கை கட்டிய நம் முன்னோர் இதனைச் சட்டமின்றியே உணர்ந்திருந்தனர்.