சட்டக் கலாநிதிப் பட்டமும் வழக்காடும் மக்களும்

கல்கிசை நீதிமன்ற வாயிலிற் காலைப்பொழுதிற் கூடிநிற்கும் மக்களைக் காணாதார் நம்முள் அரியர். வேலித் தகராறு, கொடுத்த கடன், மனைவியின் தாபரிப்பு என ஒவ்வொருவர்க்கும் ஒரு குறை உண்டு. இன்னோர்க்கும், சட்டத்துறையின் மிகவுயர்ந்த ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் தொடர்பு யாதேனும் உளதோ? நம் நாட்டு வரலாறு இவ்வினாவுக்கு விடை தரும்.

பட்டங்கள் தோன்றுமுன்னரே சட்ட ஆராய்ச்சி ஈண்டு தொடங்கிவிட்டது. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக் என்னும் திசாவை தமிழரின் வழக்காறுகளைத் தொகுத்து 1707ஆம் ஆண்டிற் கையளித்தார். அத்தொகுப்பின் தமிழ்மொழிபெயர்ப்பைப் பன்னிரு முதலிமார் பார்வையிட்டு உடன்பட்டனர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு அளித்தனர். மக்களிடையே வாழ்ந்து வழக்கறிந்து எழுதியமை அவர்தம் சிறப்பு. ஆயினும் அத்தொகுப்பில் அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. முதலிமார் கருத்துக் கேட்கப்பட்டது. அடிமைப்பட்டார் கருத்தைக் கேட்டார் எவருமிலர். யாரை வினவுகின்றோம் என்பதே ஆராய்ச்சியின் பயனைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1874இல் சட்டக்கல்விச் சபை அமைந்தபின், சட்டக் கல்வி தொழிற்பயிற்சியாக வளர்ந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1947இல் அங்கு சட்டத்துறை தோன்றியது. அதன் பேராசிரியராய் விளங்கிய தம்பையா நடராசா, உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின் ஒரு கூறினை ஆராய்ந்து 1949இல் நூல் வெளியிட்டார். 1972இல் வெளிவந்த அவரது பிறிதொரு நூல் இலங்கைச் சட்ட முறைமையின் வரலாற்றை விரித்துரைப்பது. தொழிலுக்கு வேண்டிய சட்டம் அறிவுத்துறையாகவும் மலர்ந்தது.

மாணவர் இவ்விடத்துப் பட்டப்பெயர்களால் மயங்குதல் கூடாது. அமெரிக்க நாட்டில் ஜே.டி. என்பது சட்டத்தொழில் புகுவார்க்குரிய முதற்பட்டம். எஸ்.ஜே.டி. என்பதோ, பெரும்பாலும் எல்.எல்.எம். முடித்தோர் ஆய்வேடு எழுதிப் பெறும் உச்சப் பட்டம். இதனை ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திற் பெற்ற இலங்கைத் தமிழர் நீலன் திருச்செல்வம் ஆவர். 1944இற் பிறந்த இவர், கொழும்பு றோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் கற்றவர்.

1984இல் வெளிவந்த இவரது நூல் இலங்கையில் மக்கள்நீதி என்னுங் கொள்கையை ஆராய்வது. அக்கொள்கைக்கு நம் நாட்டில் நல்லதோர் எடுத்துக்காட்டு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த இணக்க சபைகள். சட்டம் கற்றிராத ஊர்ப் பெரியோர் பிணக்கைத் தீர்க்க முயல்வர். இணக்கம் கூடாவிடிற் சான்றிதழ் பெற்றே நீதிமன்றம் செல்லல் வேண்டும். செலவும் காலமும் சுருங்கும் என்பது நோக்கம். ஆனால் அப்பெரியோர் ஆட்சியாளர் சார்பினராயின் நீதி எங்ஙனம் நிலைக்கும்? இத்தகைய வினாவுக்குத் தீர்ப்பேடுகள் மாத்திரம் விடை தாரா. சபைகளின் நடைமுறையையே ஆராய்தல் வேண்டும். இணக்க சபைகள் மறைந்தபின், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் தோன்றின. பழைய அனுபவத்தை ஆராய்வதன் பயன் இதனாற் புலனாகும்.

கலாநிதி திருச்செல்வம் கற்றதோடு அமையவில்லை. ஆராய்ச்சி நிறுவனங்களை உருவாக்கினார். பாராளுமன்ற உறுப்பினராயிருந்து அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கு உழைத்தார். இனப்பிணக்கைச் சட்டத்தின் வழியே தீர்த்தல் கூடுமென நம்பிய அப்பெருமகனார், 1999 யூலை 29ஆம் நாள், கொழும்பில் தற்கொலைக் குண்டுதாரியின் தாக்குதலுக்கு இரையாயினார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தைந்து. மாறுபட்ட கருத்தைச் சொல்லால் எதிர்கொள்ள இயலாத ஒரு காலத்தின் அவலம் அது.

சட்டக் கலாநிதிப் பட்டம் பெயருக்குமுன் அணியும் அணிகலன் அன்று. முதலிமாரை மட்டும் வினவாது, நீதிமன்ற வாயிலில் நிற்பாரையும் வினவுதற்குரிய உரிமைச் சீட்டு அது. அப்பட்டத்தை நாடும் நம் மாணவர் கல்கிசை நீதிமன்ற வாயிலிலிருந்தே தம் முதல் வினாவைத் தொடங்குவாராக.