இரண்டு வருடக் கல்லூரி, நான்கு வருடக் கணக்கு: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி விளையாட்டு வீரர்களின் கதை

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்றால் பெரிய பல்கலைக்கழகங்களும் லட்சம் பேர் உட்காரும் மைதானங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே நாட்டில் இரண்டு வருடப் படிப்பு மட்டும் தரும் சிறிய கல்லூரிகளும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முன்பு ஜூனியர் கல்லூரி என்றார்கள், இப்போது சமுதாயக் கல்லூரி என்கிறார்கள். கட்டணம் குறைவு, மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் இடம் உண்டு. இந்தக் கல்லூரிகளில் விளையாடும் மாணவன் யார், அவன் எத்தனை வருடம் விளையாடலாம் என்ற கேள்விக்கு ஏறக்குறைய 90 வருட வரலாறு இருக்கிறது.

ஆரம்பம்

இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரிதான் இன்றுவரை இயங்கும் அரசு ஜூனியர் கல்லூரிகளில் மிகப் பழையது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடத்தை உள்ளூரிலேயே படிக்கலாம் என்பதுதான் யோசனை. அது கலிஃபோர்னியாவில் வேகமாகப் பரவியது. கல்லூரி வந்தால் விளையாட்டும் வரும் அல்லவா?

1937-இல் கலிஃபோர்னியாவின் 13 ஜூனியர் கல்லூரிகள், தேசியத் தடகளப் போட்டியில் தங்கள் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளும்படி என்.சி.ஏ.ஏ.-விடம் விண்ணப்பித்தன. என்.சி.ஏ.ஏ. என்பது பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் பெரிய சங்கம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நீங்கள் வேறு, நாங்கள் வேறு என்பதுதான் அதன் பொருள்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஃபிரெஸ்னோ நகரில் கூடி, 1938 மே மாதம் என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற தங்கள் சொந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1939-இல் சாக்ரமெண்டோவில் அதன் முதல் தடகளப் போட்டி நடந்தது.

அந்தக் கல்லூரிகளில் திறமைக்குப் பஞ்சமில்லை. பின்னாளில் பெரிய லீக் பேஸ்பாலில் நிறவேலியை உடைத்த ஜாக்கி ராபின்சன் அப்போது பசடீனா ஜூனியர் கல்லூரி மாணவர். 1938-இல் நீளம் தாண்டுதலில் 25 அடி 6½ அங்குலம் தாண்டி, தன் அண்ணன் மேக் ராபின்சனின் ஜூனியர் கல்லூரிச் சாதனையை முறியடித்தார். அந்த அண்ணன் யார் தெரியுமா? 1936 பெர்லின் ஒலிம்பிக் 200 மீட்டரில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து வெள்ளி வென்றவர்!

12 கிரெடிட் விதி

தனிச் சங்கம் என்றால் தனி விதிகளும் வேண்டும். அவற்றில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது, மாணவன் முழுநேர மாணவனாக இருக்க வேண்டும். ஒரு பருவத்தில் குறைந்தது 12 கிரெடிட் பாடம் எடுக்க வேண்டும். வாரம் மூன்று மணி நேரம் நடக்கும் பாடத்துக்குப் பொதுவாக 3 கிரெடிட் என்பதால், நான்கு பாடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சீசன் நடுவில் ஒரு பாடத்தை விட்டு 12-க்குக் கீழே இறங்கினால் ஆடும் தகுதி போய்விடும். பெயருக்குச் சேர்ந்துவிட்டுப் பந்து மட்டும் ஆட முடியாது.

இரண்டாவது, ஒரு விளையாட்டில் இரண்டு சீசன்தான். இரண்டாவது சீசன் ஆட வேண்டுமானால் அதற்குள் தேறியும் இருக்க வேண்டும். தனியாகப் பிரிந்து தனக்கென்று சங்கம் வைத்துக்கொண்ட கலிஃபோர்னியாவில், இரண்டு சீசன்களுக்கு இடையே 24 கிரெடிட், அதுவும் 4-க்கு 2.0 சராசரியோடு என்பது விதி. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகையும் கிடையாது.

இந்த விதிகளைப் போட்டது சமுதாயக் கல்லூரிகள்தான். மாணவன் ஆட்டத்தில் ஜெயிக்காவிட்டாலும் கையில் கொஞ்சம் படிப்போடு போகவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம்.

இரண்டாவது வாசல்

1972 வரை, போர்க்காலம் போன்ற சில விலக்குகள் தவிர, பெரிய பல்கலைக்கழகங்களின் கால்பந்து, கூடைப்பந்து முதன்மை அணிகளில் முதல் வருட மாணவர்கள் ஆட முடியாது. ஜூனியர் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே ஆடலாம். பாப் மெக்கடூ இந்தியானாவின் வின்சென்ஸில் ஆடி 1970-இல் தேசியப் பட்டம் வென்றார். பிறகு வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1975-இல் என்.பி.ஏ.-யின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

1983-இல் என்.சி.ஏ.ஏ. 'தீர்மானம் 48' என்ற விதியை நிறைவேற்றியது. 1986-இல் அது நடைமுறைக்கு வந்தது. முதல் வருடமே ஆட வேண்டுமானால் பள்ளியில் 11 முக்கியப் பாடங்களில் 2.0 சராசரியும், எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 700 மதிப்பெண்ணும் வேண்டும். படிக்காத பிள்ளைகளை ஆட வைத்துப் பணம் சம்பாதிக்கும் பழக்கத்துக்கு முடிவு கட்டத்தான் இந்த விதி என்றார்கள். ஆனால் ஏழைக் கறுப்பின மாணவர்களைத்தான் அந்தத் தேர்வு அதிகம் வடிகட்டுகிறது என்று கறுப்பினக் கல்வியாளர்கள் எதிர்த்தார்கள். 1989-இல் விதி மேலும் இறுகியபோது, ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மைதானத்தை விட்டே வெளியேறினார்.

இப்படி வடிகட்டப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? பலர் சமுதாயக் கல்லூரிக்குத்தான். அங்கே பட்டயம் முடித்தால் பல்கலைக்கழக அணியில் சேரலாம். தண்டனைபோல வந்த விதி, ஒரு காலத்தில் நிராகரிக்கப்பட்ட கல்லூரிகளையே இரண்டாவது வாசலாக ஆக்கியது. எந்தத் தேர்வு மதிப்பெண்ணுக்காக அவ்வளவு சண்டை நடந்ததோ, அந்த நிபந்தனையை என்.சி.ஏ.ஏ. 2023-இல் முதல் இரண்டு பிரிவுகளுக்கும் நீக்கிவிட்டது.

கணக்கு வழக்கு

இப்போது சண்டை கணக்கைப் பற்றியது. என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவு விதிப்படி ஒரு வீரருக்கு ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன். சமுதாயக் கல்லூரியில் ஆடியதும் அந்த நான்கில் சேரும்.

டியேகோ பாவியா என்ற கால்பந்து வீரர் நியூ மெக்சிகோ ராணுவப் பயிற்சிக் கல்லூரி என்ற இரண்டு வருடக் கல்லூரியில் ஆடி 2021-இல் தேசியப் பட்டம் வென்றார். பிறகு நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம், அதன் பின் வாண்டர்பில்ட். 2024 அக்டோபரில் அவருடைய அணி, அப்போது தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியது. அந்தச் சீசனோடு அவர் கணக்கு முடிந்தது. என்.சி.ஏ.ஏ. சாராத கல்லூரியில் ஆடியதை என்.சி.ஏ.ஏ. எப்படிக் கணக்கில் சேர்க்கலாம் என்று கேட்டு நவம்பரில் அவர் வழக்குப் போட்டார்.

2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி உண்டு. அதனால் ஒரு சீசன் போனால் வருமானமும் போகும். 2024 டிசம்பர் 18 அன்று நீதிபதி பாவியாவுக்கு ஆதரவாக இடைக்கால உத்தரவு பிறப்பித்தார். சில நாட்களிலேயே அவரைப் போன்ற நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் 2025-26-இல் ஒரு வருடம் கூடுதலாக ஆட என்.சி.ஏ.ஏ. அனுமதி தந்தது. 2025 அக்டோபரில் மேல்முறையீடு, இனி தீர்க்க எதுவும் இல்லை என்று தள்ளுபடியானது. ஆனால் மூலக் கேள்விக்கு அதில் விடை வரவில்லை. இதேபோன்ற மற்ற வழக்குகளில் நீதிபதிகள் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1937-இல் "உங்கள் மாணவர்கள் எங்கள் போட்டிக்கு உரியவர்கள் அல்ல" என்று கதவைச் சாத்திய அதே சங்கம், பிற்காலத்தில் "உங்களிடம் ஆடிய வருடமும் எங்கள் கணக்கில்தான்" என்று சொன்னது. இரண்டு முடிவையும் எடுத்தது பெரியவர்கள்தான். சமுதாயக் கல்லூரிகள் தாங்களாகப் போட்ட விதி, நான்கு பாடம் படி, தேறு, பிறகு ஆடு என்பது. 'தகுதி' என்ற சொல்லுக்கு இந்த வரலாற்றில் எத்தனையோ பொருள் வந்து போயின. அவற்றில் மாணவனுக்கு ஏதாவது மிச்சம் வைத்தது இந்த எளிய விதிதான்.