76 குளிர்சாதனப் பெட்டிகளும் ஒரு சம்மட்டியும்

இன்று ஒரு சம்மட்டியின் வரலாற்றைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். 2009இல் சீனாவின் தேசிய அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. போரிலோ புரட்சியிலோ பயன்பட்டதல்ல. குளிர்சாதனப் பெட்டிகளை உடைத்த சம்மட்டி.

இன்று ஹையர் என்று நாம் அறியும் நிறுவனம் அன்று சிங்தாவோ நகரில் கடனில் மூழ்கிக் கிடந்த ஒரு தொழிற்சாலை. 1984 டிசம்பரில் ஜாங் ருய்மின் அதன் இயக்குநராக வந்தார். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அவருக்கு முன் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள். அவர் போட்ட 13 விதிகளில் ஒன்று, பட்டறைக்குள் மலஜலம் கழிக்கக் கூடாது என்பது. சிரிக்காதீர்கள், அப்படி எழுதிப்போட வேண்டிய நிலை அங்கே இருந்தது.

1985இல் ஒரு வாடிக்கையாளர் குறை சொல்ல, ஜாங் கிடங்கிலிருந்த 400 பெட்டிகளைச் சோதிக்கச் சொன்னார். 76இல் பழுது. சிலர், ஊழியர்களுக்கே மலிவாகக் கொடுத்துவிடலாம் என்றார்கள். நியாயமான யோசனைதான். ஒரு பெட்டியின் விலை ஏறத்தாழ 800 யுவான், அதாவது ஒரு தொழிலாளியின் இரண்டு வருடச் சம்பளம். ஜாங் ஒப்பவில்லை. செய்தவர்களே உடைக்க வேண்டும் என்றார், முதல் அடியைத் தானே அடித்தார். உடைத்தவர்களில் பலர் அழுதார்கள். அவர்கள் பெயர்கள் மட்டும் நாம் கேட்கும் கதைகளில் வருவதில்லை.

இதை வெறும் நாடகம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், தரமற்றது என்று வகை பிரிப்பார்கள், தட்டுப்பாட்டில் எல்லாமே விற்றுப்போகும். பழுதான பெட்டிக்கும் அலமாரியில் ஓர் இடம் இருந்தது. சம்மட்டி உடைத்தது அந்த இடத்தைத்தான். மூன்று இயக்குநர்களின் பேச்சைக் கேட்டு அலுத்த தொழிலாளிக்கு நான்காவது பேச்சு எதற்கு?

ஆனால் சம்மட்டி மட்டும் போதியிருக்காது. பொறுப்பேற்ற புதிதில் வசந்த விழாவுக்கு முன் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. ஜாங் பக்கத்துக் கிராமங்களில் கடன் வாங்கிக் கொடுத்தார். பெட்டிகளை உடைத்த மாதம் தன் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார். மேலே இருப்பவனும் இழக்கிறான் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே இருப்பவன் தன் இழப்பை ஏற்கிறான் என்பது என் எண்ணம். நம்மில் பலருக்கு ‘மாற்றம்’ என்ற தலைப்பிட்ட மின்னஞ்சல் மட்டுமே வருகிறது!

1995இல் தென்கொரியாவின் குமியில் சாம்சங் தன் ஊழியர்கள் 2,000 பேரை நிறுத்தி வைத்து 1,50,000 கருவிகளைக் கொளுத்தியது. அது இதைவிடப் பெரிய காட்சி. எனக்கென்னவோ சிங்தாவோவின் 76தான் கனமாகத் தெரிகிறது. அங்கே அவற்றை ஈடுகட்டப் பணமே இல்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1988இல், குளிர்சாதனப் பெட்டிகளுக்கான தேசியத் தரப் போட்டியில் அந்தத் தொழிற்சாலை தங்கப் பதக்கம் வாங்கியது.