ஓர் இரவைக் கடப்பதற்கு நூற்றிநாற்பது ஆண்டுகள்

சத்திரசிகிச்சையின் வரலாறு கத்தியின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. நோயாளியின் பக்கம் நின்று எழுதினால் அது இரவின் வரலாறாகவும் அமையும். பாதத்திலோ கணுக்காலிலோ எலும்பை அறுத்துப் பொருத்தும் சிகிச்சைகள் கடும் வலி தருபவை. முதல் ஓரிரு நாட்களிலேயே அவ்வலி உச்சத்தில் நிற்கும். முழங்காலின் பின்புறம் செல்லும் நரம்பருகே விறைப்பு மருந்தைச் செலுத்தினால் கால் மரத்துவிடும். காலையில் போட்ட ஊசியின் பலன் நள்ளிரவில் தீர்ந்துபோனால், விழித்தெழும் நோயாளியை எதிர்கொள்வது முழு வலியே. எனவே மருத்துவர்களின் முன்னால் எழுந்த கேள்வி, வலியை எவ்வாறு நிறுத்துவது என்பதோடு முடியவில்லை. எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது என்பதும் அதனோடு சேர்ந்தே எழுந்தது.

வியன்னாவின் இளம் வைத்தியரான கார்ல் கொல்லர் கொக்கெயின் கரைசலால் கண்ணை மரக்கச் செய்யலாம் எனக் கண்டறிந்தார். ஹைடல்பேர்க் நகரில் கூடிய கண் வைத்தியர் மாநாட்டுக்குச் செல்ல அவரிடம் பயணச் செலவுக்கும் பணம் இருக்கவில்லை. 1884 செப்டெம்பர் 15 அன்று அவரது அறிக்கையை வேறொருவரே அங்கு வாசித்தார். சில மாதங்களுக்குள் நியூயோர்க்கில் வில்லியம் ஹால்ஸ்ரெட்டும் அவரது சகாக்களும் அதே மருந்தை நரம்புகளின் அருகே செலுத்தி, உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்து காட்டினர். தம்மீதே பரிசோதித்த அவர்கள் அதற்கு விலையும் கொடுத்தனர். ஹால்ஸ்ரெட் கொக்கெயினுக்கு அடிமையானார்.

குருதியைத் தடுத்த கட்டு

காலத்தை நீட்டும் முயற்சியும் உடனேயே தொடங்கிவிட்டது. நியூயோர்க்கின் நரம்பியல் வைத்தியர் லெனார்ட் கோர்னிங் 1885இல் ஓர் எளிய உண்மையை அவதானித்தார். மருந்தை ஊசி ஏற்றிய இடத்திலிருந்து கழுவிச் செல்வது குருதியோட்டமே. அவர் கையில் மருந்தை ஏற்றி, அதற்கு மேற்புறத்தில் இறுக்கமான கட்டுப் போட்டார். கட்டு இருக்கும்வரை விறைப்பும் நீடித்தது. ஆனால் எந்த அவயவத்தையும் நெடுநேரம் கட்டிவைக்க முடியாது.

அந்தக் கட்டின் வேலையை ஒரு மருந்தைக் கொண்டே செய்விக்கலாம் எனக் காட்டியவர் ஜேர்மனியின் ஹைன்ரிஷ் பிரவுன். சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள சுரப்பியிலிருந்து அட்ரீனலினைத் தூய நிலையில் பிரித்தெடுக்கும் வழியை யப்பானிய இரசாயனவியலாளர் தக்கமினே அப்போதுதான் கண்டிருந்தார். குருதிக் குழாய்களைச் சுருக்கும் அப்பொருளைக் கொக்கெயினுடன் சிறிதளவு சேர்த்தால் விறைப்பு நீடிக்கும் என்பதை 1903இல் பிரவுன் எடுத்துரைத்தார். பல் பிடுங்கும்போது போடப்படும் விறைப்பு ஊசிகள் பலவற்றில் இன்றும் அட்ரீனலின் கலந்திருக்கிறது.

கீல் நகரின் கணுக்கால்

கணுக்காலுக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. முதுகுத்தண்டில் ஊசி ஏற்றிக் கீழுடலை மரக்கச் செய்யும் முறையை ஓகஸ்ட் பியர் 1898 ஓகஸ்ட் 16 அன்று கீல் நகரில் முதன்முதலாகக் கையாண்டபோது, அவர் அறுத்தது காசநோயால் அரிக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளியின் கணுக்கால் மூட்டையே. முழு மயக்கத்தில் முன்னர் பெரிதும் அவதியுற்றிருந்த அந்த 34 வயதுத் தொழிலாளி இம்முறை விழித்திருந்தபடியே வலியின்றிச் சிகிச்சை பெற்றார். பின்னர் தலைவலியும் வாந்தியும் அவரை வாட்டின.

எட்டு நாட்களின் பின்னர் பியரும் உதவியாளர் ஹில்டெபிராண்டும் தம்மீதே அதனைச் சோதித்தனர். பியருக்கு ஏற்றுகையில் குழாய் ஊசியுடன் பொருந்தாமையால் மருந்து வழிந்துபோயிற்று. ஹில்டெபிராண்டுக்கு ஏற்றியது பலித்தது. அவரது கணைக்காலில் இரும்புச் சுத்தியலால் அடித்தும் சுருட்டால் சுட்டும் பார்த்தனர். அவருக்கு வலிக்கவில்லை. ஆனால் முக்கால் மணித்தியாலத்தில் உணர்வு திரும்பத் தொடங்கியது. அடிபட்ட காயங்களின் வலியைப் பின்னரே அவர் அனுபவித்தார். மருந்து வலியைத் தீர்ப்பதில்லை, ஒத்திவைக்கிறது என்ற உண்மைக்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மருந்தும் குழாயும்

இருபதாம் நூற்றாண்டு அந்த ஒத்திவைப்பை இரு வழிகளில் நீட்டியது. முதலாவது வழி புதிய மருந்துகள். கொக்கெயினின் இடத்துக்கு 1905 அளவில் நோவோகெயின் வந்தது. 1943இல் சுவீடனில் லிக்னோகெயின் உருவானது. 1957இல் அங்கேயே உருவான பியூபிவகெயின் பல மணித்தியாலங்கள் நின்றது. முழங்காலின் பின்னால் ஒருமுறை ஏற்றினால், காலை அரை நாளோ அதற்கு மேலோ மரக்கவைக்க அதனால் முடியும்.

இரண்டாவது வழி மெல்லிய குழாய். நரம்பருகே அதனை வைத்து, சிறு பம்ப் ஒன்றின் மூலம் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். 2003 ஒக்டோபரில் ஈராக்கில் காலில் படுகாயமுற்ற ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்குக் களமுனை வைத்தியசாலையிலேயே இவ்வாறு குழாய்கள் பொருத்தப்பட்டன. மோர்பின் மயக்கத்தில் கிடக்க வேண்டிய அவர், நினைவு தெளிந்த நிலையில் கண்டங்களைக் கடந்து சென்றார். ஆனால் குழாய் நழுவலாம், மருந்து கசியலாம், கிருமி தொற்றலாம். வீடு திரும்பியவரையும் யாராவது கண்காணிக்க வேண்டும்.

எனவே ஒரே ஊசியை நீண்டநேரம் நிற்கச் செய்யும் முயற்சி தொடர்ந்தது. மலிவான பழைய மருந்தான டெக்சாமெதசோனைச் சேர்த்தால் பலன் மேலும் சில மணித்தியாலங்கள் நீள்கிறது. நாளத்தில் ஏற்றினாலும் அது பெருமளவு பயன் தருகிறது. மறுபுறம், பியூபிவகெயினை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்து மெதுவாகக் கசியவிடும் மருந்து 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முழங்காலின் பின்புற நரம்புக்கு அதனைப் பயன்படுத்தும் அனுமதி 2023இல் கிடைத்தது.

விலை கூடிய இம்மருந்து சாதாரண பியூபிவகெயினை விடப் பெரிதாக எதனையும் சாதிக்கவில்லை என்ற ஆய்வுகளை அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் சங்கத்தின் சஞ்சிகை 2021இல் வெளியிட்டது. தயாரிப்பு நிறுவனம் அவதூறு எனக் கூறி வழக்குத் தொடுத்தது. அறிவியல் முடிவுகள் கருத்துக்களே, அவற்றுக்கு மறுப்பு எழுதலாமேயன்றி நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்ற அடிப்படையில் வழக்கு தள்ளுபடியானது. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது.

வலி என்னும் காவலன்

விறைப்பு நீள நீள நன்மை மட்டுமே நீளும் என்று எண்ணுவது தவறு. மரத்த பாதத்தை ஊன்றினால் நோயாளி விழுந்துவிடுவார். இறுகிய மாக்கட்டு தோலை அழுத்திப் புண்ணாக்கினாலும் அவருக்குத் தெரியாது. தசைக்குள் அழுத்தம் ஏறிக் குருதியோட்டம் தடைப்படும் ஆபத்தை முதலில் அறிவிப்பது வலியே. அந்த அறிவிப்பும் தாமதமாகலாம். விறைப்பு விலகும் வேளையில் வலி ஒரேயடியாகப் பாய்வதும் உண்டு. ஆகவேதான் உணர்வு திரும்புமுன்பே வலிநிவாரணி மாத்திரைகளைத் தொடங்குமாறு வைத்தியர்கள் கூறுகின்றனர்.

கோர்னிங்கின் கட்டிலிருந்து கொழுப்புக் குமிழி வரை, மனிதன் வலியிடம் தவணை கேட்டு வந்திருக்கிறான். முக்கால் மணித்தியாலமாக இருந்த தவணை இன்று ஓர் இரவையும் ஒரு பகலையும் கடந்துவிட்டது. அது மகத்தான வெற்றியே. ஆனால் வலி என்னும் காவலனைத் தூங்கவைத்தால் அவனது காவலை வேறொருவர் ஏற்க வேண்டும். விரல்களின் நிறத்தைப் பார்க்கும் தாதியும், எழும்பும்போது தோள் கொடுக்கும் வீட்டாரும் இல்லையெனில், எவ்வளவு நீண்ட விறைப்பும் பாதுகாப்பானதன்று.