காதற் கதைகளும் மாயக் கதைகளும்

நாவல் வாசிப்பது வீண் பொழுதுபோக்கு என்றும், அவற்றுள்ளும் காதற் கதையும் மாயக் கதையும் வாசிப்பது உள்ள புத்தியையும் கெடுத்துக்கொள்வதாகும் என்றும் நம்மவருட் பெரியோர் பலர் சொல்லி வருகின்றனர். நான் புலவன் அல்லன். மாதக் கடைசியில் செக்ரோல் கணக்கை முடித்துவிட்டுக் கிடைக்கும் சில இரவுகளில் ஆங்கில நாவல்களைப் புரட்டும் ஒரு தோட்டக் கிராணி. அண்மையில் அவ்வகைக் கதைகள் சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். கணக்கெழுதிப் பிழைப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதாநாயகியின் கண்ணழகை ஆசிரியர் எத்தனை பக்கம் வருணித்தாலும், ‘இவளுக்குச் சம்பளம் என்ன? இந்த மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?’ என்றே அவன் மனம் தேடும். அவ்வாறு தேடியதில் எனக்கு ஒன்று தெரிந்தது. நல்ல காதற் கதைகள் சம்பளத்தை மறைப்பதில்லை. மாயக் கதைகளோ சம்பளத்தைப் பேசுவதே இல்லை, பிறப்பைத்தான் பேசுகின்றன. இதன் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம்.

லண்டனில் அச்சுக்கூடம் நடத்தி வந்த சாமுவேல் ரிச்சர்ட்சன் என்பவரிடம், எழுத்துப் பழக்கமில்லாத எளிய ஜனங்களுக்கு மாதிரிக் கடிதங்கள் அடங்கிய புத்தகம் ஒன்று வேண்டுமென்று புத்தக வியாபாரிகள் கேட்டனர். எஜமானனால் தொல்லைக்குள்ளாகும் வேலைக்காரப் பெண்ணுக்கு அவள் பெற்றோர் எவ்வாறு எழுதுவர் என்று யோசிக்கப் புகுந்தவர், அவ்விடத்திலேயே நின்றுவிட்டார். அந்த ஒரு கடிதத்திலிருந்து வளர்ந்ததே 1740இல் வெளிவந்த ‘பமேலா’ என்னும் நாவல். பமேலா பதினைந்து வயதுப் பணிப்பெண். எஜமானி இறந்ததும், அவ்வம்மையின் சட்டைப்பையிலிருந்த நான்கு பொற்கினிகளை மகனாகிய இளைய எஜமானன் இவள் கையில் கொடுக்கிறான். அவற்றை இவள் ஏழைப் பெற்றோருக்கு அனுப்புகிறாள். கொடை அன்போடு நிற்கவில்லை. அவன் அவளைத் தொடுகிறான், மிரட்டுகிறான், ஏமாற்றி வேறோர் ஊர் மாளிகைக்குக் கொண்டுபோய்ச் சிறை வைக்கிறான். அவளோ ‘மாட்டேன்’ என்கிறாள். கிடைத்த தாளிலெல்லாம் நடந்ததை எழுதுகிறாள். அவ்வெழுத்தை அவனே வாசித்து மனம் மாறி, முடிவில் அவளை மணந்துகொள்கிறான்.

இந்தக் கதைக்காக இங்கிலாந்தே இரண்டு கட்சியாயிற்று. ஹென்ரி ஃபீல்டிங் 1741இல் ‘ஷமேலா’ என்று பெயரிட்டு, அவள் கற்பெல்லாம் பணக்கார மாப்பிள்ளையைப் பிடிக்க விரித்த வலையே என்று கேலி செய்து எழுதினார். கேலி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் எனக்குச் சம்மதமில்லை. துரையின் பங்களாவில் வேலைக்குப் போன பெண்களின் கதை நம் தோட்டத்து வாசகர்களுக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ‘மாட்டேன்’ என்று ஒரு கூலிக்காரப் பெண் சொன்னதையே ஒரு பெரிய நூலின் பொருளாக்கியது 1740இல் சிறு காரியம் அன்று. பூட்டி வைத்தவனையே கணவனாக்கி, அதனை நற்குணத்தின் வெகுமதி என்றாரே, அங்கேதான் ரிச்சர்ட்சன் தவறினார்.

நிற்க. மாயக் கதையின் பக்கம் போவோம். 1764ஆம் ஆண்டின் கடைசியில், முதன் மந்திரியாயிருந்தவரின் மகனான ஹொரேஸ் வால்போல், ஏதோ பழைய இத்தாலிய ஏட்டின் மொழிபெயர்ப்பு என்று பொய் சொல்லி ‘ஒட்ராண்டோ கோட்டை’யை வெளியிட்டார். விற்பனை நன்றானதும் மறு பதிப்பில் தாமே ஆசிரியர் என்று ஒப்புக்கொண்டார். கலியாண நாளில் மலைபோன்ற தலைக்கவசம் ஒன்று விழுந்து மணமகனை நசுக்கிக் கொல்கிறது. தியோடர் என்னும் குடியானவ வாலிபன் ஒருவன் வருகிறான், தைரியசாலி, நல்லவன். ஒரு குடியானவன் கதாநாயகனா என்று நாம் மகிழும் வேளையில், அவன் தோளில் அம்பு வடிவமான மச்சம் தெரிகிறது. அவன் பிரபுவின் மகனாம். அக்கோட்டைக்கே உரிய வாரிசாம்! அன்று தொடங்கிய அந்த மச்சம் பிறகு எத்தனையோ கதைகளில் எத்தனையோ உடல்களில் முளைத்தது.

சார்லட் பிரான்டி என்னும் அம்மையார் 1847இல் கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ நான் வாசித்த காதற் கதைகளுள் தலையாயது. இதில் சம்பளம் துலக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அநாதையான ஜேன், தான் படித்த பள்ளியிலேயே ஆண்டுக்குப் பதினைந்து பவுனுக்கு ஆசிரியையாயிருக்கிறாள். பத்திரிகையில் தானே விளம்பரம் கொடுத்து, முப்பது பவுன் சம்பளத்தில் ஒரு மாளிகைக்குக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். எஜமானன் ராச்செஸ்டர் அவளை நேசிக்கிறான். மணச் சடங்கு நடக்கும்போதுதான் அவனுக்கு முன்பே மனைவி உண்டென்றும், பைத்தியமென்று சொல்லி மேல்மாடியில் அவளை அடைத்து வைத்திருக்கிறான் என்றும் வெளிப்படுகிறது. ஜேன் அவனை நேசித்தபோதிலும், ஆசைநாயகியாயிருக்க இசையாமல், இரவோடிரவாக வெறுங்கையுடன் வெளியேறுகிறாள். பிறகு ஒரு பாதிரியார், ‘என்னை மணந்து இந்தியாவுக்கு ஊழியம் செய்ய வா’ என்று கேட்கிறார். இந்துஸ்தானி பாஷையும் கற்பிக்கிறார். உதவியாளாக வரச் சம்மதம், அன்பில்லாத மனைவியாக வரச் சம்மதமில்லை என்கிறாள் ஜேன். சிற்றப்பனிடமிருந்து 20,000 பவுன் வந்தபோது அதனை நான்காகப் பங்கிட்டு, தன்னைக் காத்த உறவினர் மூவருக்கும் தலைக்கு 5,000 கொடுக்கிறாள். இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் பார்க்கும் கதாநாயகியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் அதே கணக்கில் வேறொரு பக்கமும் இருக்கிறது. மேல்மாடியில் அடைபட்ட பெர்த்தா ஜமைக்காத் தீவில் பிறந்தவள்; 30,000 பவுன் சீதனத்துக்காகவே அவளை ராச்செஸ்டருக்கு முடித்தார்கள். ஜமைக்காவின் செல்வமெல்லாம் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டத்தின் செல்வம். 1838இல் அடிமை முறை அங்கே முற்றும் ஒழிந்த பின்பு, 1845 முதல் அத்தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். சார்லட் அம்மையார் பெர்த்தாவை வாய் திறந்து ஒரு சொல் பேச விடவில்லை. அவள் கதையை அவள் பக்கம் நின்று சொல்ல, மேற்கிந்தியத் தீவிலேயே பிறந்த ஜீன் ரீஸ் என்னும் அம்மையார் 1966இல் ‘வைட் சர்காஸோ ஸீ’ என்னும் நாவலை எழுத வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து வாசிப்பதே முறை.

ரைடர் ஹாகர்டின் ‘சாலமன் அரசனின் சுரங்கங்கள்’ 1885இல் வந்தது. இவர் 1875 முதல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் கவர்னரிடம் வேலை பார்த்தவர். கதையை விடிய விடிய வாசிக்கலாம். அதை மறுப்பவன் பொய்யன். வெள்ளைக்காரர் மூவருக்குச் சுமைகாரனாக வரும் உம்போபா, கடைசியில் தன் துணியை அவிழ்த்து இடுப்பைச் சுற்றியுள்ள பாம்புச் சின்னத்தைக் காட்டி, ‘நானே இந்நாட்டின் உண்மை அரசன்’ என்கிறான். பாருங்கள், மறுபடியும் மச்சம்! போகட்டும், இம்முறை அது கறுப்பு உடம்பிலாவது வந்ததே என்று நான் திருப்திப்பட்டேன். அந்தத் திருப்தி நீடிக்கவில்லை. ஃபௌலாட்டா என்னும் அந்நாட்டுப் பெண் வெள்ளைக்காரர் ஒருவரை நேசித்து, நோயில் அவருக்குப் பணிவிடை செய்து காப்பாற்றுகிறாள். ஆசிரியர் அவளைக் கத்தியால் குத்திச் சாகடிப்பதோடு நில்லாமல், கறுப்பும் வெள்ளையும் கூடுவதற்கில்லை, ஆகையால் தான் இறப்பதே நல்லது என்ற கருத்தை, சாகும் அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். எத்தனை மாயங்கள் நடக்கும் கதையிலும் அந்த ஒரு கலியாணம் மட்டும் நடக்க முடியாமற்போயிற்று.

நம் தமிழிற் காதலும் விநோதமும் ஒன்றாகக் கலந்தே நாவல் பிறந்தது. மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், காணாமற்போன கணவனைத் தேடி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு புறப்படுகிறாள். அரசனற்ற விக்கிரமபுரியில் பட்டத்து யானை அவள் கழுத்தில் மாலையிடுகிறது. அவள் அரசாகிறாள், நீதி செலுத்துகிறாள், சிறையிலிருந்த கணவனையும் மீட்கிறாள். யானை அவள் குலத்தைக் கேட்கவில்லை, மச்சத்தைத் தேடவில்லை, ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. பெண் கல்விக்காகத் தனி நூல் எழுதிய அப்பெரியாரும், அவளைத் தலைப்பாகையில்லாமல் சிம்மாசனத்தில் உட்கார வைக்கத் துணியவில்லை என்பது உண்மை. இடையிடையே வரும் உபதேசங்கள் பொறுமையைச் சோதிக்கும் என்பதும் உண்மையே. ஆயினும் ஹாகர்டின் பாம்புச் சின்னத்தைவிட அந்த யானையே எனக்கு உகந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மாயக் கதைக்கு மறுவாழ்வளித்தவர் டோல்கீன். அவருடைய ‘மோதிரங்களின் தலைவன்’ மூன்று பாகங்களாக 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதிலும் காட்டில் திரியும் அரகார்ன் என்பவன் பழைய ராஜவம்சத்தின் வாரிசாகவே முடிகிறான். ஆனால் மோதிரத்தை அழிக்கும் பாரம் சின்னஞ்சிறு மனிதர்கள் தோளில் விழுகிறது. எஜமானனைச் சுமந்துகொண்டு மலையேறிய தோட்டக்காரன் சாம், பின்பு தன் ஊருக்குத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறான். வாரிசுரிமையும் வாக்குரிமையும் ஒரே நூலில் அருகருகே நிற்கின்றன.

அமெரிக்க அம்மையார் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எர்த்ஸீயின் மந்திரவாதி’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் நாயகன் கெட், ஆடு மேய்த்த கொல்லன் மகன். நிறம் செம்மை கலந்த பழுப்பு. அவன் தேடுவது சிம்மாசனத்தை அன்று. தன் அகந்தையால் தானே அவிழ்த்துவிட்ட நிழலைத் தேடுகிறான். 2004இல் இக்கதையைத் தொலைக்காட்சிப் படமாக்கியவர்கள் அவனை வெள்ளையனாக்கிவிட்டார்கள். ஆசிரியை அதனை வெளிப்படையாகக் கண்டித்தார்.

இதன் இரண்டாம் நூலாகிய ‘அதுவானின் கல்லறைகள்’ 1971இல் வந்தது. தலைமைப் பூசாரிச்சி இறந்த வேளையில் பிறந்தாள் என்பதற்காகவே டெனார் என்னும் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பெயரையும் பறித்து, இருண்ட தெய்வங்களுக்கு அடிமையாக்குகிறார்கள். இந்த இடத்தை வாசிக்கையில், தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண் குழந்தைகளும், அதனை நிறுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையில் வாதாடியதும், 1947இல் சென்னை மாகாணத்தில் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டதும் நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. திருட வந்து அகப்பட்ட கெட்டைக் கொல்ல வேண்டிய டெனார், அவனைக் கொல்லாமல், தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டு அவனுடன் அந்த இருட்டைவிட்டு வெளியேறுகிறாள். அவள் தோளில் மச்சம் இல்லை. அந்நூலின் முடிவில் கலியாணமும் இல்லை. கடல் கடந்து ஒரு புதிய நகரத்தில் அவள் கரையிறங்குகிறாள், அவ்வளவே.