கூத்தர் நடந்த மலைவழி

ஊர் ஊராகப் போகும் கலைஞரின் வரலாற்றைப் புரவலரிடமிருந்து தொடங்குவதே நம் வழக்கம். யார் எவ்வளவு பொன் கொடுத்தார், எத்தனை காணி எழுதி வைத்தார் என்ற கணக்கே கலை வரலாறாகிவிட்டது. ஜவ்வாது மலையை ஒட்டிய செங்கத்தைப் பற்றிய பழம்பாட்டு ஒன்று இந்தக் கணக்கைத் திருத்துகிறது. செங்கத்து மன்னன் நன்னனைக் காணப் போகும் கூத்தர் குழுவுக்கு, பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் வழி சொல்வதுதான் பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். உ.வே.சாமிநாதையர் 1889இல் அச்சேற்றிய பத்துப்பாட்டில் ஒன்றான அது 583 அடி கொண்டது. அதில் பாதிக்கும் மேல் வழியிலேயே கழிகிறது.

அந்த வழி எத்தகையது? முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல் எல்லாம் பலாக்காய்க் கொத்துபோலத் தொங்கும் பைகளில் வருகின்றன. தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், ஆகவே விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான் கூத்தன். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் மூங்கிலைப் பற்றிக்கொள்ளுங்கள். பாதை பிரியுமிடத்தில் பின்னால் வருவோருக்காகப் புல்லை முடிந்துவையுங்கள். நடுகல்லைக் கண்டால் யாழை இசைத்துவிட்டு விரையுங்கள். மலையூரை அடைந்தால் நன்னனின் கூத்தர் என்று சொல்லி, சொந்த வீட்டுக்குள் போவதுபோல் போங்கள். நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் கிடைக்கும். ஆகக் கூத்தரின் பயணத்தைத் தாங்கியது அரண்மனை மட்டுமன்று. மலைக்குடிகளின் அடுப்பும் அதே அளவுக்குத் தாங்கியது.

இது வெறும் புலவர் மரபு, ஆற்றுப்படை என்றால் இப்படித்தான் பாடுவார்கள் என்று மறுக்கலாம். மரபு உண்டுதான். ஆனால் மன்னனைப் புகழ்வதற்குப் பன்றிப் பொறியும் பாசி வழுக்கலும் தேவையில்லை. நடந்து பார்த்தவர்களின் அறிவே அவற்றில் பதிந்திருக்கிறது. பாட்டு சொல்லும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறக்கும் இன்றைய செய்யாறு. அதில் வரும் நவிரமலையைப் பருவதமலை என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். நடுகற்களுக்கோ செங்கம் வட்டாரமே பேர்போனது. அங்கு கிடைத்த பல்லவர் காலக் கற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் நூலாகவே தொகுத்தது. அவை பாட்டுக்குப் பிந்தியவை என்றாலும், வழியோரம் கல் நட்டு வணங்கும் வழக்கம் அந்த மண்ணில் வேரூன்றியது என்பதை உறுதி செய்கின்றன. நன்னனின் பெயரைச் சொன்னதால்தானே கதவு திறந்தது என்ற கேள்வியும் நியாயமானது. பெயர் கதவைத் திறந்தது. சோறு போட்டவர்கள் வீட்டுக்காரர்கள். வழியில் பசித்து விழுந்த கூத்தன் எந்த அவைக்கும் போய்ச் சேரமாட்டான். இன்று ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் பாட்டில் வரும் அந்த மலைக்குடிகளின் வழிவந்தவர்கள் என்று சொல்ல எனக்குச் சான்றில்லை. என் வாதத்துக்கு அந்த உறவு தேவையுமில்லை.

இன்றும் திருவண்ணாமலை மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் மாதங்களில் தெருக்கூத்துக் குழுக்கள் ஊர் மாறி ஊர் போகின்றன. நோட்டீஸில் நாளும் இடமும் இருக்கும். விடிய விடிய ஆடியவர்கள் எங்கே படுப்பார்கள், மிருதங்கமும் முகவீணையும் மழையில் நனையாமல் எங்கே இருக்கும் என்பது அதில் இராது. கூத்தன் அதைத்தான் முதலில் சொன்னான். குழுவை அழைக்கும் ஊரும் பந்தலுக்கு முன் அதைத்தான் தீர்மானிக்க வேண்டும்.