கரி, பாக்டீரியா, பெரியப்பாவின் கிட்னி

போன மாசம் வாழவந்தி போயிருந்தேன். பெரியப்பாவுக்கு கிரியேட்டினின் 3-ஐத் தாண்டியாச்சு. டயாலிசிஸ்னு ஆரம்பிச்சா வாரம் மூணு தடவை, ஏற்காடு மலையோட 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போகணும், திரும்ப ஏறணும். அந்தப் பயத்துல யாரோ கொடுத்த ஒரு பாட்டிலை என்கிட்ட நீட்டினார். உள்ளே 'நல்ல பாக்டீரியா' மாத்திரை. "ஏங்கண்ணு, இதைச் சாப்பிட்டா மெஷினே வேண்டாமாமே?"

பாட்டில் வந்ததுலேர்ந்து பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் படிச்சது இன்ஜினியரிங்தான், இருந்தாலும் மூணு ராத்திரி உட்கார்ந்து தோண்டினேன்.

குடல் வழியா கிட்னியைக் காப்பாத்தற யோசனை புதுசில்லை. டயாலிசிஸ் மெஷினைச் செஞ்ச ஹாலந்துக்காரர் வில்லெம் கோல்ஃப், 1947-ல் எழுதின புத்தகத்துலயே செயற்கைச் சிறுநீரகத்தோட சேர்த்து குடலைக் கழுவுற முறையையும் எழுதியிருக்கார். ஜெயிச்சது மெஷின்தான்.

ஜப்பான்காரங்க குடலை விடலை. புரதத்துல இருக்கிற டிரிப்டோஃபேனை குடல் பாக்டீரியா இண்டோலா மாத்தும். கல்லீரல் அதை இண்டாக்சில் சல்பேட்டா மாத்தி ரத்தத்துல விடும். நல்ல கிட்னி வெளியே தள்ளிடும், கெட்ட கிட்னியால முடியாது. சேர்ந்துபோன விஷம் மிச்சமிருக்கிற கிட்னியையும் அரிக்கும் (மெமரி லீக் மாதிரி :-)). அல்புமினோட ஒட்டிக்கிறதால டயாலிசிஸ்லயும் சரியா வெளியேறாது. இது கிட்னியைக் கெடுக்குதுன்னு 1994-ல் தோஷிமிட்சு நிவா எலிகள்ல காட்டினார்.

இதுக்கு அவங்க மருந்து என்ன தெரியுமா? கரி! ஏஎஸ்டி-120ங்கிற பொடிக் கரி உருண்டைகள். இண்டோலைக் குடல்லயே பிடிச்சு மலத்தோட வெளியேத்திடும். 1991-லயே ஜப்பான்ல மருந்தா வந்தாச்சு. ஆனா அமெரிக்கா, ஐரோப்பாவுல 2035 பேருக்குக் கொடுத்துப் பார்த்த 'எப்பிக்' சோதனை முடிவு 2015-ல் வெளியாச்சு. டயாலிசிஸ் வரைக்கும் போறதை அந்தக் கரி தள்ளிப்போட்டதா நிரூபிக்க முடியலை. தியரி இவ்வளவு அழகா இருந்தும்! படிச்சப்ப எனக்கே வருத்தமாத்தான் இருந்துச்சு.

பாக்டீரியா பக்கம் வந்தா, அமெரிக்காவுல கிபோ பயோடெக்னு ஒரு கம்பெனி, நிறுவனர் நடராஜன் ரங்கநாதன். அவங்க நாலு நாட்டுல 46 பேரை வெச்சு செஞ்ச ஆறு மாச ஆய்வு 2010-ல் வந்தது. 29 பேருக்கு ரத்தத்துல யூரியா குறைஞ்சது. நல்ல சேதிதான். ஆனா யூரியா குறையறது வேற, கிட்னி கெடுறது நிக்கிறது வேற. 46 பேரை வெச்சு, அதுவும் ஆறே மாசத்துல, ரெண்டாவதைச் சொல்ல முடியாது.

அதே சமயம், 4304 பேரை வெச்சு 2020-ல் வந்த ஆய்வுல டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாதவங்களுக்குக்கூட கிட்னி கெடுறதை மெதுவாக்கினதைக் காட்டினாங்க. குடலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பெரியப்பாவுக்கு ஒத்துவருமான்னு டாக்டர்கிட்ட கேட்கச் சொல்லி சீட்டுல எழுதிக் கொடுத்தேன்.

"அப்ப இது வேஸ்ட்டா?"ன்னார் பாட்டிலைக் காட்டி.

"டாக்டரைக் கேட்டுட்டு சாப்பிடுங்க பெரியப்பா. பிரஷர் மாத்திரையை மட்டும் விடாதீங்க."

மறுநாள் காலையில மாத்திரையைப் போட்டுக்கிட்டார். கூடவே பலாச்சுளை ஒண்ணே ஒண்ணுன்னு கெஞ்சினார். அதுல பொட்டாசியம் ஜாஸ்தின்னு பெரியம்மா தட்டையே தூக்கிட்டுப் போயிட்டாங்க.